அடுத்த வீட்டுப் பிள்ளையின் சடை

என் வாழ்க்கையில் நான் அதிகமாகச் சண்டை போட்ட ஆள் என் மனைவி. அதற்கு அடுத்த இடம் டான்ஸ் மிஸ்ஸுக்கு. மனைவியிடமாவது பத்துக்கு இரண்டு முறை ஜெயித்திருக்கிறேன். மிஸ்ஸிடம் ஒருமுறைகூட இல்லை. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முடிந்ததும், "சொல்லிட்டீங்களா சார்? சரி. ரூல் ரூல்தான்" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடப் போய்விடுவார். கத்துகிறவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. அது எனக்குத் தெரியவே இரண்டு வருஷம் ஆனது. அந்த இடத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. பிள்ளைகளின் பெயரை வைத்துத்தான் பெரியவர்களைக் கூப்பிடுவார்கள். நான் ஜெனி அப்பா. எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர் தர்ஷினி அம்மா. அவர் மிஸ். என் போனில் இன்றைக்கும் 'டான்ஸ் மிஸ்' என்றுதான் இருக்கிறது. இப்படி எழுதுவது தெரிந்தாலே திட்டுவார், பெயரையும் போட்டால் கேட்கவே வேண்டாம்.

திண்டுக்கல்லில் பழனி ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஸ்டுடியோ. நீளமான ஹால், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே லாரி டயரைச் சம்மட்டியால் அடித்துக் கழற்றுவார்கள். மேலே பிள்ளைகள் தாளத்துக்கு மிதிக்கும். இரண்டு சத்தமும் ஒன்றாகச் சேருகிற நேரம் உண்டு. அப்போது மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிடும். பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று திரும்பிக்கொள்வார். திரும்புகிற பக்கத்தில்தான் கண்ணாடி இருக்கிறது என்பது அவருக்கு எப்போதும் மறந்துபோகும்.

நாற்பது வயதிருக்கும். ஒல்லி. துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்திருப்பார். கீரனூர்ப் பக்கம் பிறந்தவர் என்று சொன்னார்கள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார், பிள்ளை குட்டி உண்டா, ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்க வாய்ப்பே கொடுக்கமாட்டார். நாம் ஒரு கேள்வி கேட்பதற்குள் நம் கையில் ஒரு வேலையைத் திணித்துவிடுவார்.

வேலை கொடுப்பதும் ஒரு ரூல்தான். மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவைப்பார். 'பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள் சும்மா உட்காரக் கூடாது.' 'புதுத்துணி போட்டு வரக் கூடாது, பிறந்தநாளாக இருந்தாலும்.' 'ஒவ்வொரு பாட்டுக்கும் முன்வரிசை பின்னால் போக வேண்டும்.' 'சூப்பர் என்று சொல்லக் கூடாது.' இந்தக் கடைசி ரூல் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. சிலது வெறும் பிடிவாதம்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். கிணற்று மோட்டார் புகைந்துபோனால் என் பட்டறைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதல் நாள் நான் ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். மிஸ் வந்து நின்றார்.

"ஜெனி அப்பா, நீங்க என்ன வேல பாக்குறீங்க?"

சொன்னேன்.

"அப்பச் சரி. மேல பாருங்க. அந்த ஃபேன் ஆட்டுக்கல்லு மாதிரி சுத்துது. கழட்டிட்டுப் போயி நாளைக்குக் கொண்டாங்க."

கழற்றிக்கொண்டு போனேன். காயில் மாற்றிக் கொண்டுவந்து மாட்டினேன். அன்றைக்கு ஒரு நன்றியாவது சொல்வார் என்று ஏணியிலேயே சற்று நேரம் நின்றேன். அண்ணாந்து பார்த்தார். "ம், ஓடுது" என்றார்.

ஜெனியின் பிறந்தநாளுக்கு அவள் அம்மா மஸ்கட்டிலிருந்து ஒரு கவுன் அனுப்பியிருந்தாள். அதைப் போட்டு, பெருமையாகக் கிளாசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே தடுத்துவிட்டார். "பழைய துணி மாத்திட்டு வாங்க சார்." அவ்வளவு தூரம் வண்டியில் திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போனோம். அன்றைக்கு நான் போட்ட சத்தம் டயர் கடை வரைக்கும் கேட்டதாகக் கீழே உள்ளவர்கள் சொன்னார்கள். தர்ஷினி அம்மாதான் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். கணவருக்கு அங்கே காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி. பேச்சில் மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

"ஏனுங்கண்ணா, இதுக்குப் போயி கோவிச்சுக்கிட்டு? முன்னால ஒரு புள்ள வந்துட்டிருந்துச்சுங்க. யூனிபாரமும் ஒரே ஒரு பாவாடையுந்தான். யாராச்சும் புதுசு போட்டுட்டு வந்தா, அது படியிலயே நின்னுக்குமுங்க, உள்ள வராது. அதுக்கப்புறந்தான் இந்த ரூலு."

"அந்தப் புள்ள இப்ப வருதா?"

"இல்லீங்க, திருப்பூருக்குப் போயிட்டாங்க. ரூலு மட்டும் இருக்குதுங்க."

மிஸ்ஸின் குணம் என்ன என்பதை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு சங்கடம் என்றால், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தலையைத் தடவிக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். எல்லோர் தலையிலும் ஒரு சட்டத்தைப் போட்டுவிடுவார். காரணம் கேட்டால் கூசாமல் ஒரு பொய் சொல்வார். அந்தப் பிள்ளை யார் என்று அநேகமாக யாருக்கும் தெரியாது. ஆனால் எனக்கு மூளை மெதுவாகத்தான் ஓடும். புரியவில்லை.

ஜெனிக்கு அப்போது ஒன்பது வயது. என் மனைவி நர்ஸ். மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவுதான், யார் மேலும் குற்றமில்லை. ஆனால் பிள்ளை மாறிப்போனாள். வீட்டில் நன்றாகத்தான் இருப்பாள். நாலு அம்மாக்கள் கூடுகிற இடம் என்றால் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். பள்ளி ஆண்டு விழாவன்று அப்படித்தான் ஆனது. மேடைக்குப் பின்னால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அம்மா பொட்டு வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். வயிற்று வலி என்றாள். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டர் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். அது எனக்கும் தெரியும்.

வீட்டில் பாட்டுக் கேட்டால் மட்டும் கால் தானாக ஆடும். அதனால்தான் டான்ஸில் சேர்த்தேன். அதுவும் போய்விட்டால் பிள்ளை முழுசாக உள்ளே சுருங்கிவிடுவாள் என்ற பயம் எனக்கு இருந்தது.

அரையாண்டு லீவு விட்டதும் ஸ்டுடியோவில் கூட்டம் களைகட்டும். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் சாயந்தரம் நாலு வரைக்கும் ஒத்திகை. கிறிஸ்துமஸ் முடிந்து புதுவருஷத்துக்கு முன்னால் ஒரு மண்டபத்தில் ப்ரோகிராம். லீவு நாட்களுக்கென்று சாப்பாட்டு ரூல் ஒன்று தனியாக உண்டு. நடுவில் பாயை விரித்து எல்லா டிபன் பாக்ஸையும் திறந்து வைத்துவிட வேண்டும். தன் டப்பாவிலிருந்து மட்டும் எடுக்கக் கூடாது, மற்ற எதில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, யாராவது கொண்டுவரும் சப்பாத்தி என்று எல்லாம் கைமாறும். நான் தினமும் கட்டிக்கொடுத்தது ரவை உப்புமா. அதைத் தவிர எனக்கு உருப்படியாக எதுவும் வராது. டப்பா தினமும் வழித்துத் துடைத்த மாதிரி காலியாகத் திரும்பி வரும். என் கைப்பக்குவம் கூடிவிட்டது என்று நினைத்து ஜெனியிடம் பெருமையடித்தேன்.

"போங்கப்பா, உங்க உப்புமாவ யாரும் தொடறதில்ல. மிஸ்தான் தெனமும் தின்னு தீக்குறாங்க."

அந்த வருஷம் பத்துப் பெண் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் கும்மி ஒன்று இருந்தது. அதில் ஜெனியும் இருந்தாள். ப்ரோகிராமுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அம்மாக்கள் எல்லோரும் சடை, மேக்கப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சவுரி எங்கே வாங்குவது, குஞ்சலம் எந்த நிறம். அன்று ராத்திரியே ஜெனிக்கு வயிற்று வலி வந்துவிட்டது. மறுநாள் மிஸ்ஸைத் தனியாகப் பார்த்தேன்.

"மிஸ், ஜெனிய இந்த ஒரு தடவ விட்டுருங்க."

"ஏன்?"

"சட பின்ன, மேக்கப் போட வீட்டுல ஆள் இல்ல. எல்லாப் புள்ளைக்கும் அம்மா வந்து நிக்கும், இவ மட்டும் முழிச்சுக்கிட்டு நிப்பா. எங்க அக்காவக் கூட்டியாறேன்னு சொன்னேன், வேணாங்குறா. அத்தையோட நின்னா, அம்மா இல்லேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போயிருமாம்."

மிஸ் முகத்தில் இரக்கம் ஒன்றையும் காணோம். துப்பட்டா முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கினார்.

"சரி சார். நாளைக்குப் பாப்போம்" என்றார்.

மறுநாள் கண்ணாடியில் புதுத் தாள். 'ப்ரோகிராம் அன்று யாரும் தன் பிள்ளைக்குச் சடையோ மேக்கப்போ போடக் கூடாது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் போட வேண்டும். ஜோடி சீட்டுக் குலுக்கித் தரப்படும்.'

ஹாலே கொந்தளித்துவிட்டது. "எம் புள்ளைக்குப் பொட்டு வைக்க நான் யாருட்டக் கேக்கணும்?" என்று ஒரு அம்மா எழுந்தே நின்றுவிட்டார். மிஸ் அசையவில்லை.

"அம்மா பின்னுனா புள்ளைக அழுகுதுக. இறுக்குது, வலிக்குது, மை கண்ணுல பட்டுருச்சுன்னு ஒரே ரகள. அதே அடுத்தவங்க பின்னுனா கம்முனு தலையக் குடுக்குதுக. எனக்கு நேரத்துக்கு மேடையில ஆள் நிக்கணும். அம்புட்டுதான்."

நம்பும்படிதான் இருந்தது. எனக்கு மட்டும் கோபம் தலைக்கேறியது. பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று கேட்டால், அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் புதிதாக ஒரு வம்பைக் கிளப்பிவிட்டாரே என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய மடையன் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். சீட்டுக் குலுக்கினார்கள். ஜெனிக்குச் சடை போட வேண்டியவர் தர்ஷினி அம்மா. தர்ஷினிக்கு நான். எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"மிஸ், ஆம்பள என்னையும் சேத்துட்டீங்களா?"

"ரெண்டு கை இருக்குல்ல சார்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டுக்குப் போனதும் ஜெனி என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "தர்ஷினிக்குப் போடணும்ல, எந்தலையில பழகுங்க" என்றாள். அவள் அம்மா போனதிலிருந்து தலையில் யாரையும் கைவைக்க விட்டதில்லை. தானே ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவாள். இப்போது ஒரு வேலையாக, அடுத்தவள் நிமித்தமாக, தலையைக் கொடுத்துவிட்டாள். முடியை மூன்று பிரியாகப் பிரித்துப் பிடித்தேன். செம்புக் கம்பி என் சொல்லைக் கேட்கும், முடி கேட்கவில்லை. "நடுப்பிரிய விட்டுட்டீங்கப்பா." "அம்மா இப்டி இழுக்க மாட்டாங்க." "அம்மா மொதல்ல எண்ணெ வப்பாங்க." ஏழெட்டு மாதமாக வாயிலிருந்து வராத அம்மா, அந்தப் பத்து நாளும் சாயந்தரம் சாயந்தரம் எங்கள் வீட்டுக்கு வந்துபோனாள். எனக்கும் அவள் இல்லாத வருத்தத்தைப் பிள்ளையிடம் சொல்ல முடிந்தது. அதுவரை நாங்கள் இருவரும் ஒருவர் முன்னால் ஒருவர் நடித்துக்கொண்டிருந்தோம்.

ஜோடி போட்ட வீடுகளுக்குள் போக்குவரத்தும் ஆரம்பமானது. ஜெனியின் முடிக்கு எந்த அளவுச் சவுரி வேண்டும் என்று பார்க்கத் தர்ஷினி அம்மா வீட்டுக்கே வந்தார். வரும்போது ஒரு பை நிறைய முருங்கைக்காயும் கத்தரிக்காயும். கிறிஸ்துமஸுக்கு நான் கேக் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன்னால் அஞ்சாறு மாதம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம், அந்தக் கவுன் நாளைத் தவிர "மழை வரும்போல" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. முன்வரிசைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்களுக்கு ஒருவர் பிள்ளை இன்னொருவர் கையில் வந்துவிழுந்தது. வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள்.

ப்ரோகிராம் அன்று சாயந்தரம் மண்டபத்தின் பின்னறையில் தர்ஷினிக்குச் சடை பின்னினேன். நடுப்பிடரியில் ஆரம்பித்து, எப்படியோ வலது தோளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளை கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அழுகை வரப்பார்த்தது. "பரவாலீங்க மாமா, நல்லாத்தான் இருக்குதுங்க" என்றது. வளர்ப்பு அப்படி. வேலை முடிந்ததும் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். முன்வரிசையில் இடம்பிடித்து, ஸ்டாண்டில் போனை நிறுத்தி, மஸ்கட்டுக்கு வீடியோ கால் போட்டேன். என் மனைவி டூட்டியில் அரைமணி நேரம் கெஞ்சி வாங்கி உட்கார்ந்திருந்தாள்.

திரை விலகியது. பத்துப் பிள்ளைகளும் வட்டமாக நின்றன. முகத்தில் ஒரு பொட்டைத் தவிர ஒன்றுமில்லை. நெற்றி ஓரத்து முடியெல்லாம் ஈரம். பட்டுச் சட்டைக் கழுத்தில் தண்ணீர் சொட்டிய தடம்.

"என்னங்க, புள்ளைக எல்லாம் இப்பத்தான் மொகம் கழுவிட்டு வந்த மாதிரி இருக்குதுக?" என்றாள் மனைவி.

ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஜெனி ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. ஆனால் எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறவளுக்கு அலங்காரத்தோடு பிள்ளையைக் காட்ட முடியவில்லையே என்ற ஆத்திரம். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். அங்கே அம்மாக்களும் கடுகடுவென்று நின்றார்கள்.

"எல்லாருக்கும் நான் வாங்குன மேக்கப் டப்பா கெட்டுப்போச்சு சார். ஒரு புள்ளைக்கு அரிப்பு வந்துருச்சு. அதான் எல்லாரையும் கழுவச் சொல்லிட்டேன்" என்றார் மிஸ்.

"எந்தப் புள்ளைக்கு?"

"அதச் சொல்லக் கூடாது."

"இதுக்கும் ரூலா? மொதல்லயே டப்பாவப் பாத்து வாங்கத் தெரியாதா? பொறுப்பில்லாத பொம்பள நீங்க."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்த முறை "சொல்லிட்டீங்களா சார்" என்றுகூடக் கேட்கவில்லை. அவருடைய துப்பட்டா முழுக்க ரோஸும் கறுப்புமாக மேக்கப் கறை. அதையும் பார்த்தேன். என்ன என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அதோடு இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நானும் ஜனவரி முழுக்க ஜெனியை அனுப்பவில்லை. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, சாயந்தரமானால் கிளாஸ் துணியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு மாதம் தாங்கினேன். பிறகு நானே கூட்டிக்கொண்டு போனேன். மிஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஜெனி, ரெண்டாவது வரிசை" என்றார். என் பக்கம் திரும்பி, "ஸ்பீக்கர் கரகரங்குது, செத்த பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ லீவுகள், எத்தனையோ ப்ரோகிராம்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை ரூல் நிலைத்துவிட்டது, ஒரே ஒரு திருத்தத்தோடு: மேக்கப் முடிந்ததும் பெரியவர்கள் ஒருவர்கூட அறையில் நிற்கக் கூடாது. நான் மொத்தம் ஆறு பிள்ளைகளுக்குச் சடை பின்னியிருக்கிறேன். கடைசிச் சடை நேராகவே வந்தது. ஜெனிக்கு வயிற்று வலி வரவில்லை. அந்த ரூல் யாருக்காகப் போட்டது என்பதும் கொஞ்ச நாளில் எனக்கு உறைத்தது. மனதுக்குள் மிஸ்ஸுக்குக் கும்பிடு போட்டேன். ஆனாலும் அந்த மேக்கப் டப்பா விஷயத்தை மட்டும் விடவில்லை. மனுஷன் புத்தி அப்படி. பெரிய உதவிக்கு நன்றியும் இருக்கும், ஒரு சின்னக் குறை முள்ளாக நெருடிக்கொண்டும் இருக்கும்.

கொரோனாவில் ஸ்டுடியோ மூடியது. மிஸ் ஹாலைக் காலி செய்துவிட்டு ஆயக்குடிக்குப் போய்விட்டார். என் மனைவி ஊரோடு வந்துவிட்டாள். ஜெனி இப்போது காலேஜ் படிக்கிறாள். போன கிறிஸ்துமஸ் லீவில் மூன்று பேரும் உட்கார்ந்து பழைய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கும்மி வந்தது. மனைவி அன்றைக்குக் கேட்டதையே மறுபடி கேட்டாள். "ஏங்க இதுக எல்லாம் மொகத்தக் கழுவிட்டு ஆடுதுக?" நான் என் பழைய பாட்டை ஆரம்பித்தேன். கெட்டுப்போன டப்பா, பொறுப்பில்லாத...

"அப்பா, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் ஜெனி. குரல் வேறு மாதிரி இருந்தது.

பிறகுதான் சொன்னாள். நான் வெளியே போனதும் தர்ஷினி அம்மா வந்து என் கோணல் சடையைப் பார்த்திருக்கிறார். பெற்ற மனசு தாங்குமா? யாருக்கும் தெரியாமல் அவிழ்த்துத் திரும்பப் பின்னி, அப்படியே முகத்திலும் ஒரு கை போட்டுவிட்டார். அதைப் பார்த்துவிட்டு அடுத்த அம்மா. அப்புறம் அடுத்தவர். ஒவ்வொருவராகத் தன் பிள்ளையிடம் நைசாக வந்து, கன்னத்தில் இன்னும் கொஞ்சம் ரோஸ், புருவத்தில் இன்னும் கொஞ்சம் மை. ஒன்பது பிள்ளைகளிடம் ஒன்பது அம்மாக்கள்.

"எங்கிட்ட மட்டும் யாரும் வரலப்பா. நான் போயி தண்ணி டிரம்முக்குப் பின்னால உக்காந்துட்டேன். மிஸ் வந்து என்னாச்சுன்னாங்க. வயித்து வலி, ஆட மாட்டேன்னேன். அவங்க திரும்பி அந்த ரூம ஒரு தடவ சுத்திப் பாத்தாங்க. நேராப் போயி மேக்கப் டப்பாவ எடுத்து மோந்து பாத்தாங்க. 'ஐயையோ, இது கெட்டுப்போச்சு, எல்லாரும் ஒடனே கழுவுங்க'ன்னு சத்தம் போட்டாங்க. அம்மாங்கள எல்லாம் வெளிய தள்ளிட்டு, வரிசையா நிக்கவச்சு அவங்களே கழுவிவிட்டாங்க. மொதல்ல தர்ஷினி. நான் ஏழாவதோ எட்டாவதோ. துப்பட்டாவாலதான் தொடச்சாங்க. பத்துப் பேருக்கும் அவங்க கையாலயே பொட்டு."

"இத்தன வருசமா ஏம்மா சொல்லல?"

"சொன்னா அம்மா வேலைய விட்டுட்டு வந்துருவாங்கன்னு பயமா இருந்துச்சு. அப்புறம்... நீங்க அவங்களத் திட்டுனீங்கள்ல, அதுக்கப்புறம் எப்டிச் சொல்றது?"

என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கோணல் சடை என்னுடையது. அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. என் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற ஒரு பெண் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து, கூட்டத்துக்கு நடுவில், அந்த வார்த்தையைச் சொன்னவனும் நான்தான்.

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு ஆயக்குடிக்குப் போனேன். விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். ஒரு வீட்டு மாடியில் தகரக் கூரை போட்டுக் கிளாஸ் நடத்துகிறார். இருபது பிள்ளைகள் இருக்கும். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"வாங்க ஜெனி அப்பா. ஜெனி என்ன படிக்குது?"

சொன்னேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது மறந்துவிட்டது. நேரடியாகவே சொல்லிவிட்டேன்.

"மிஸ், அன்னைக்கு நடந்தது எல்லாத்தையும் ஜெனி சொல்லிட்டா. நான் பேசுன பேச்சுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன். அந்த டப்பா கெட்டுப்போகலன்னு எனக்கு இப்பத்தான் தெரியும்."

மிஸ் என்னை நேராகப் பார்த்தார். கண்ணில் ஒரு அசைவு இல்லை.

"அது புள்ள, அதுக்கு என்ன தெரியும்? டப்பா நெசமாவே கெட்டுப்போச்சு சார். நான் மோந்து பாத்தேன்ல."

இத்தனை வருஷமும் அவர் சொன்ன எதையும் நான் எதிர்த்துப் பேசாமல் விட்டதில்லை. அன்றைக்கும் வாய்வரை வந்தது. இல்லை மிஸ், நீங்கள் பொய் சொல்கிறீர்கள், என் பிள்ளைக்காகத்தான் செய்தீர்கள் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். பின்னால் இருபது பிள்ளைகள் நின்றன. அதில் எந்தப் பிள்ளை இப்போது எந்த ரூலுக்குள் பத்திரமாக நின்றுகொண்டிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

"ஆமா மிஸ்" என்றேன். "எனக்கே அன்னைக்கு ஒரு மாதிரி வாடை அடிச்சுச்சு."

"அடிச்சிருக்கும்" என்றார் மிஸ்.